பழைய கம்ப்யூட்டர்ல புது ஓஎஸ் ஏற மாட்டேங்குதா? எங்க மாட்டிக்கிச்சோ அங்கேர்ந்து படிங்க

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்னுச்சு பாருங்க, அன்னிலேர்ந்து எங்க பெரம்பூர் பக்கம் தெரிஞ்சவங்க வீட்டு சிபியூ ஒவ்வொண்ணா என் வீட்டு ஹால்ல வந்து உக்காந்துட்டு போகுது. மேல் வீட்டு அங்கிளோட டூயல் கோர், ட்யூஷன் எடுக்குற அக்காவோட லேப்டாப், 2011-ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் திட்டத்துல வாங்கினது கூட ரெண்டு. எல்லாரும் வந்ததும் சொல்றது ஒண்ணுதான், "ஓஎஸ் சரியில்ல தம்பி, வேற ஏதாச்சும் போட்டுப் பாரேன்". ஆனா நான் பார்த்த வரைக்கும் முக்காவாசி ஓஎஸ் மேல, அதாவது விண்டோஸ், லினக்ஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுற ஆபரேட்டிங் சிஸ்டம் மேல, தப்பே கிடையாது. பென்டிரைவ், ரேம், ஹார்ட் டிஸ்க், மதர்போர்டுல இருக்குற குட்டி பேட்டரி செல், இந்த நாலுல ஒண்ணு ஏற்கனவே இழுத்துக்கிட்டு கிடக்கும், புதுசா ஏத்துறப்போதான் அது பல்லைக் காட்டும்.

## கை வைக்கிறதுக்கு முன்னாடி

சி டிரைவ்ல ஒண்ணுமில்லன்னு சொல்றவங்களை நம்பாதீங்க, டெஸ்க்டாப்ல இருக்குறது, டாக்குமென்ட்ஸ்ல இருக்குறது எல்லாமே சி டிரைவ்தான், அது பாதி பேருக்கு தெரியாது. கல்யாண ஃபோட்டோ, ஸ்கேன் பண்ண பத்திரம், பிரவுசர் பாஸ்வேர்டு எல்லாத்தையும் வெளி டிஸ்க்ல எடுத்துக்குங்க. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்குற ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்க, ஏன்னு கடைசில சொல்றேன்.

கடை கணக்கு டாலில ஓடுதா, ஜிஎஸ்டி ஃபைல் பண்ண டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் சொருகுறீங்களா, அப்ப விண்டோஸுக்குப் பதிலா ஓசில கிடைக்குற லினக்ஸ் பக்கம் போகாதீங்க, விண்டோஸ்லயே இருங்க. டாலி டேட்டா ஃபோல்டர் எங்க இருக்குன்னு டாலிக்குள்ளயே பார்த்துட்டு அதை ரெண்டு எடத்துல காப்பி வைங்க.

யூபிஎஸ் வேலை செய்யுதான்னு ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்க. பேட்டரி செத்த லேப்டாப்னா சார்ஜர் ஒயர் யார் காலும் தட்டாத மூலையா பார்த்து வைங்க. சிரிக்காதீங்க, 80 பர்சன்ட்ல ஒரு குட்டிப் பையன் காலால போச்சு ஒண்ணு.

## பென்டிரைவ் சொருகியும் பழைய விண்டோஸ்தான் வருது

பூட் மெனுவே வரல

பூட் மெனுன்னா எதுலேர்ந்து ஸ்டார்ட் ஆகணும்னு கேக்குற லிஸ்ட், அது வரலன்னா கீ தப்பா இருக்கும். டெல், லெனோவோன்னா எஃப் 12, ஹெச்பின்னா எஃப் 9. அசெம்பிள் பண்ண சிஸ்டம்னா போர்டு யாருதுன்னு பாருங்க, கிகாபைட் எஃப் 12, ஆசஸ் எஃப் 8, எம்எஸ்ஐ எஃப் 11, பழைய இன்டெல் போர்டு எஃப் 10. ஏசர் லேப்டாப்லயும் எஃப் 12தான், ஆனா நிறைய மாடல்ல பயாஸுக்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங்ஸ்) போய் அந்த எஃப் 12 மெனுவை ஆன் பண்ணாதான் வேலை செய்யும். பவர் பட்டன் அழுத்துன உடனே டக் டக்னு தட்டிட்டே இருக்கணும், லோகோ வந்ததுக்கு அப்புறம் தட்டினா லேட்டு. விண்டோஸ் 10 உள்ளேர்ந்தே போகணும்னா ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே ரீஸ்டார்ட் குடுங்க.

மெனு வருது, பென்டிரைவ் பேரு இல்ல

முன்னாடி இருக்குற யூஎஸ்பி ஓட்டையை மறந்துடுங்க, அது உள்ள நீள ஒயர்ல தொங்கிட்டு இருக்கும், பின்னாடி போர்டுலயே இருக்குற ஓட்டைல சொருகுங்க, நீலக் கலர் வேணாம் கருப்பு. பழைய போர்டுல நீலக் கலர் ஓட்டைக்கு தனி சிப் இருக்கும், விண்டோஸ் ஏறுன அப்புறம்தான் அதுக்கு உயிரு வரும்.

அப்பவும் இல்லன்னா பயாஸுக்குள்ள போங்க. பழைய பயாஸ் சிலது பென்டிரைவையும் ஒரு ஹார்ட் டிஸ்க்காத்தான் பாக்கும், அதனால ஹார்ட் டிஸ்க் வரிசைன்னு தனியா ஒரு லிஸ்ட் இருக்கும், அதுக்குள்ள ரெண்டாவதா ஒளிஞ்சிருக்கும், அதை மேல ஏத்தணும். இதுல ஒரு நாள் சாயந்திரம் முழுக்க போயிருக்கு எனக்கு.

பேரு இருக்கு, செலக்ட் பண்ணா திரும்ப விண்டோஸே வருது

பென்டிரைவ் செஞ்ச விதம் தப்பு. டவுன்லோட் பண்ண ஐஎஸ்ஓ ஃபைலை (ஓஎஸ் மொத்தமும் அடங்குன ஒத்தை ஃபைல்) அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணா அது பூட் ஆகாது, ரூஃபஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல போட்டு எழுதணும். 2011, 2012-க்கு முந்தின சிஸ்டம்னா ரூஃபஸ்ல டிஸ்க்கைப் பிரிக்கிற பழைய முறையான எம்பிஆர்னு வைங்க, புது முறையான ஜிபிடின்னு வெச்சா அந்த போர்டு கண்டுக்கவே கண்டுக்காது. ரொம்ப கிழட்டு போர்டுன்னா டிவிடிதான் வழி, அதுக்கு டிரைவ் நல்லா இருக்கணும், அதுவும் தூசி அடைஞ்சு கிடக்கும்.

பயாஸ் பாஸ்வேர்டு கேக்குது

டெஸ்க்டாப்னா கரண்ட் பிளக்கை எடுத்துட்டு போர்டுல இருக்குற செல்லை பத்து நிமிஷம் கழட்டி வெச்சா பெரும்பாலும் போயிடும். லேப்டாப்னா போகாது, நோண்டாதீங்க, சிப் லெவல் வேலை பாக்குற ஆள்கிட்டதான் போகணும்.

## ஆரம்பிக்குது, உடனே கருப்பு ஸ்க்ரீன்

நீங்க ஏத்துறது லினக்ஸ் மின்ட்னா (லினக்ஸ்ல ஒரு வகை) மொத மெனுலயே காம்பாட்டிபிலிட்டி மோடுன்னு ஒண்ணு இருக்கு, அதுல உள்ள போங்க, பழைய கிராஃபிக்ஸ் கார்டு இருக்குற சிஸ்டம் பாதி இதுலயே தீந்துடும். தீரலன்னா கார்டைக் கழட்டிட்டு போர்டுல இருக்குற விஜிஏல மானிட்டரை மாட்டி இன்ஸ்டால் பண்ணிட்டு அப்புறம் கார்டைப் போடுங்க.

கருப்பு ஸ்க்ரீன்ல ஒத்தை வரில 64 பிட் சிபியூ வேணும்னு இங்கிலீஷ்ல எழுதி நின்னுச்சுன்னா அது கோளாறு இல்ல, உங்க புராசஸர் 32 பிட். பழைய ஆட்டம் புராசஸர் போட்ட குட்டி லேப்டாப் சிலதுல இது வரும். டெபியன்னு இன்னொரு லினக்ஸ், அதோட 12-வது பதிப்புக்கு 32 பிட் இன்ஸ்டாலர் இருக்கு, 2025 ஆகஸ்ட்ல வந்த 13-ல அதை எடுத்துட்டாங்க. அந்த மெஷினுக்கு காசு செலவு பண்ணாதீங்க, அவ்ளோதான் சொல்லுவேன்.

## விண்டோஸ் 11 இந்த கம்ப்யூட்டர்ல ஓடாதுன்னு சொல்லுது

இது கோளாறே இல்ல, அதோட கண்டிஷன். டிபிஎம் 2.0-ங்குற செக்யூரிட்டி வசதி, பயாஸ்ல செக்யூர் பூட், 4 ஜிபி ரேம், இன்டெல்னா 8-வது தலைமுறை புராசஸர்லேர்ந்துதான் அதிகாரப்பூர்வமா ஏத்துக்கும்.

8-வது தலைமுறையோ அதுக்கு மேலயோ இருந்தும் சொல்லுதுன்னா பயாஸ்ல டிபிஎம் ஆஃப்ல இருக்கும், இன்டெல் சிஸ்டத்துல அதுக்கு பேரு பிடிடி, ஆன் பண்ணா முடிஞ்சுது, பைசா செலவில்ல.

அதுக்கு கீழ இருக்குற ஐ3, ஐ5-ன்னா ரூஃபஸ்ல அந்த கண்டிஷனை எடுத்துவிட்டு எழுத ஒரு டிக் இருக்கு, ஏறும், ஓடும். ஆனா வருஷா வருஷம் வர்ற பெரிய அப்டேட் தானா வராது, நீங்கதான் திரும்ப பென்டிரைவ் செஞ்சு ஏத்தணும். எனக்கு அதுல இஷ்டமில்ல, அம்மா அப்பா யூஸ் பண்ற சிஸ்டத்துல இதைப் பண்ணா அடுத்த வருஷமும் நீங்கதான் போய் நிக்கணும்.

கோர் 2 டுவோன்னா அதுவும் வேலைக்காகாது. 24ஹெச்2-ங்குற 2024 பதிப்புலேர்ந்து விண்டோஸ் 11 கேக்குற ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் அந்த புராசஸர்லயே கிடையாது, பூட்டே ஆகாது, எந்த டிக் போட்டாலும். பேசாம லினக்ஸ் மின்ட்ல லைட்டான எக்ஸ்எஃப்சிஇ வகையைப் போடுங்க, 22-வது பதிப்புக்கு 2029 ஏப்ரல் வரைக்கும் அப்டேட் இருக்கு. ரேம் 2 ஜிபி போதும்னு அவங்க சொல்லுவாங்க, 4 இல்லாம பிரவுசரைத் திறந்தா நீங்க அழுவீங்க. விண்டோஸ்தான் வேணும், மெஷினை மாத்த கொஞ்சம் டைம் வேணும்னா விண்டோஸ் 10-க்கே 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட்டை நீட்டிக்கிற ஏற்பாடு இருக்கு, அதுல சேர்ந்துக்கலாம்.

## ஹார்ட் டிஸ்க்கே காட்டல, இல்ல காட்டுது ஆனா இதுல போட முடியாதுங்குது

பயாஸ்லயே தெரியல

மூடியைத் திறந்து டிஸ்க்கை போர்டோட சேக்குற சாட்டா கேபிளைக் கழட்டி மாட்டுங்க, அப்புறம் வேற ஓட்டைல மாட்டுங்க, அப்புறம் கேபிளையே மாத்துங்க. பீச் பக்கம் வீடுன்னா, பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் இந்த மாதிரி, உப்புக் காத்துல பின் எல்லாம் பச்சை பூத்து கிடக்கும், நான் பார்த்திருக்கேன். அப்பவும் தெரியலன்னா டிஸ்க் போச்சு. உள்ளேர்ந்து டிக்கு டிக்குனு சத்தம் வந்து, அதுல காப்பி எடுக்காத ஃபோட்டோ இருந்துச்சுன்னா அந்த நிமிஷமே ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட போங்க, திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பாக்குற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டே இருக்கும்.

பயாஸ்ல தெரியுது, இன்ஸ்டாலர்ல தெரியல

பயாஸ்ல சாட்டா மோடு ரெய்டுன்னு இருக்கும், ஏஹெச்சிஐன்னு மாத்துங்க. பழைய விண்டோஸை வெச்சுக்கிட்டே பக்கத்துல இன்னொண்ணு போடப் போறீங்கன்னா மாத்துறதுக்கு முன்னாடி யோசிங்க, மாத்துனா பழையது நீல ஸ்க்ரீன் அடிக்கும்.

ஜிபிடி, எம்பிஆர்னு என்னமோ சொல்லி நிக்குது

இதுக்கு நெட்ல தேடுனா பக்கம் பக்கமா வரும். ஒண்ணே ஒண்ணு பாருங்க: பூட் மெனுல அதே பென்டிரைவ் ரெண்டு தடவை தெரியும், ஒண்ணுல முன்னாடி யூஇஎஃப்ஐன்னு (புது பூட் முறை) இருக்கும், ஒண்ணுல இருக்காது, அது லெகசிங்குற பழைய முறை. எதுல போனீங்களோ அதை விட்டுட்டு இன்னொண்ணுல போங்க, நிறைய தடவை அங்கயே முடிஞ்சுடும். டிஸ்க்ல இருக்குறது மொத்தமும் போனாலும் பரவால்லன்னா எல்லா பார்ட்டிஷனையும் டெலிட் பண்ணிட்டு காலி இடத்தை செலக்ட் பண்ணி நெக்ஸ்ட் குடுங்க, அதுவே சரி பண்ணிக்கும். டெலிட் அடிக்கிறதுக்கு முன்னாடி டிஸ்க் சைஸைப் பாருங்க சாமி, பேக்கப் எடுத்த வெளி டிஸ்க்கும் சொருகியே இருந்துச்சுன்னா அதுவும் அதே லிஸ்ட்லதான் இருக்கும். முதல்ல அதைக் கழட்டுங்க.

## பாதியில நிக்குது, எரர் வருது, தானா ஆஃப் ஆகுது

எனக்கு ராத்தூக்கம் போனது எல்லாம் இதுலதான். ஒரே சிஸ்டம் ஒரு தடவை 30 பர்சன்ட்ல நிக்கும், அடுத்த தடவை 70-ல, ஃபைலைக் காப்பி பண்ண முடியலங்கும், 0x80070570-ன்னு நம்பர் காட்டும். அந்த நம்பருக்கு அர்த்தம் ஃபைல் கெட்டுப்போச்சுங்குறது மட்டும்தான், எது கெடுத்துச்சுன்னு சொல்லாது. கீழ இருக்குற வரிசையை மாத்தாம பாருங்க, ஓசில ஆகுறதுலேர்ந்து செலவு வைக்கிறது வரைக்கும் அந்த ஆர்டர்லதான் எழுதியிருக்கேன்.

பென்டிரைவும் ஐஎஸ்ஓவும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல நிக்குதுன்னா சந்தேகம் இங்க. டவுன்லோட் நடுவுல நெட் விட்டு விட்டு வந்திருக்கும். ரூஃபஸ்ல ஐஎஸ்ஓ பேருக்குப் பக்கத்துல ஒரு சின்ன டிக் பட்டன் இருக்கு, அதை அழுத்தினா ஃபைல் முழுசா இறங்கியிருக்கான்னு ஒப்பிட்டுப் பாக்குற ஷா 256 நம்பர் வரும், டவுன்லோட் பண்ண சைட்ல போட்டிருக்குறதோட ஒத்துப்போகுதா பாருங்க. ஒத்துப்போச்சுன்னா வேற பென்டிரைவ். ஃபங்ஷன்ல ஃப்ரீயா குடுத்த பென்டிரைவ், 64 ஜிபின்னு எழுதி உள்ள 8 கூட இல்லாத பென்டிரைவ், இதெல்லாம் வெச்சுக்கிட்டு சிஸ்டத்தைத் திட்டக் கூடாது.

ரேம். ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல நிக்குதுன்னா ரேம். பிளக்கை எடுத்துட்டு பவர் பட்டனை ஒரு பத்து செகண்ட் அழுத்திப் பிடிங்க, அப்புறம் ரேமைக் கழட்டி அந்த தங்கக் கலர் பல்லை ஸ்கூல் பிள்ளைங்க அழிரப்பரால ரெண்டு பக்கமும் தேய்ச்சு, தூளை பிரஷ்ஷால தட்டிட்டு மாட்டுங்க. சென்னைல கம்ப்யூட்டர் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்ல பெரிய பெரிய டெக்னீஷியனும் மொதல்ல எடுக்குறது ரப்பரைத்தான், இதுல கேவலம் ஒண்ணுமில்ல. ரெண்டு ரேம் இருந்தா ஒண்ணு ஒண்ணா மட்டும் போட்டு ஏத்திப் பாருங்க. ரேமை சோதிக்கிற மெம்டெஸ்ட் புரோகிராம்ல ராத்திரி போட்டு விட்டுட்டு படுத்துடுங்க, காலையில சிவப்புல ஒரே ஒரு வரி இருந்தாலும் அந்த ரேமைத் தூக்கிப் போடுங்க, "ஒரு எரர்தானே"ன்னு விடாதீங்க.

புது ரேம் வாங்கப் போறப்போ பழைய ரேமைக் கையில எடுத்துட்டுப் போங்க. டிடிஆர்3-ன்னு மட்டும் சொன்னா பத்தாது, லேப்டாப்னா டிடிஆர்3எல்-ஆன்னு ஸ்டிக்கர்ல பார்க்கணும், அது 1.35 வோல்ட், சாதாரணது 1.5.

சூடு. எரர் எதுவும் காட்டாம பட்டுனு ஆஃப் ஆகுதுன்னா இது. கத்திரி வெயில்ல மாடி ரூம்ல வெச்சு ஏத்துனா நல்ல சிஸ்டமே திணறும், பத்து வருஷத்து தூசியோட இருக்குறது என்ன பண்ணும். பெயின்ட் பிரஷ்ஷால ஃபேனை சுத்தம் பண்ணுங்க, ஃபேன் சுத்துதான்னு பாருங்க, காஞ்சுபோன தெர்மல் பேஸ்ட்டை வழிச்சுட்டு புதுசு ஒரு பட்டாணி அளவு வைங்க. லேப்டாப்ல இதைப் பண்ண பாதி மெஷினைக் கழட்டணும், கை பழக்கமில்லன்னா கடையில குடுத்துடுங்க.

ஹார்ட் டிஸ்க். காப்பி ஆகுது ஆகுதுன்னு மணிக்கணக்கா ஆகுதுன்னா டிஸ்க். மின்ட்டை பென்டிரைவ்லேர்ந்தே ஓட விட்டு, டிஸ்க்ஸ்னு ஒரு புரோகிராம் இருக்கும், அதுல ஸ்மார்ட் டேட்டாங்குற டிஸ்க்கோட ஹெல்த் ரிப்போர்ட்டைப் பாருங்க. பெண்டிங் செக்டர், ரீஅலோகேட்டட் செக்டர் (டிஸ்க்ல கெட்டுப்போன இடத்தோட கணக்கு) இந்த ரெண்டும் பூஜ்யமா இருக்கணும். இல்லன்னா அந்த டிஸ்க்ல புது ஓஎஸ் போடுறது ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற மாதிரிதான். எஸ்எஸ்டி, அதாவது உள்ள எதுவும் சுத்தாத புது வகை டிஸ்க், வாங்கிடுங்க.

எஸ்எம்பிஎஸ் (சிபியூக்கு கரண்ட் குடுக்குற பெட்டி), போர்டு. மேல இருக்குறது எதுவும் இல்லன்னா போர்டுல சின்ன சின்ன டப்பா மாதிரி கெபாசிட்டர் நிக்கும், அதோட மண்டை தட்டையா இருக்கணும், பூரி மாதிரி உப்பியிருந்தா அங்கயே நிறுத்திக்குங்க. கருகல் வாடை அடிச்சாலும் அப்படித்தான். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதீங்க, பிளக்கை எடுத்த அப்புறமும் உள்ள ஷாக் இருக்கும். இனிமே கடைக்காரர் வேலை. அவர் போர்டு மாத்தணும்னு சொன்னா எவ்ளோன்னு கேட்டுட்டு, அந்தக் காசுக்கு செகண்ட்ஸ்ல ஒரு ஆபீஸ் சிஸ்டமே கிடைக்குமான்னும் கேட்டுடுங்க, பல நேரம் கிடைக்கும்.

## ஏறிடுச்சு, ரீஸ்டார்ட் பண்ணா பூட் ஆகல

திரும்ப முதல்லேர்ந்து இன்ஸ்டாலரே வருதுன்னா பென்டிரைவைப் பிடுங்குங்க. வேற ஒண்ணுமில்ல.

பூட்டபிள் டிவைஸ் இல்லன்னு வந்தா பயாஸ்ல பூட் ஆர்டர் பாருங்க. அது சரின்னா, இன்ஸ்டால் பண்ணது ஒரு மோடு, இப்ப பயாஸ் இருக்குறது வேற மோடு, அதாவது லெகசில ஏத்திட்டு யூஇஎஃப்ஐல பூட் பண்ணப் பாக்குறீங்க, பயாஸ்ல மாத்திப் பாருங்க. ரெண்டு டிஸ்க் இருக்குற சிஸ்டத்துல மின்ட் அதை ஸ்டார்ட் பண்ற பூட்லோடரை இன்னொரு டிஸ்க்ல எழுதியிருக்கும், பூட் மெனுல அந்த டிஸ்க்கை செலக்ட் பண்ணிப் பார்த்தா தெரிஞ்சுடும்.

நேத்து நல்லா ஓடுச்சு, காலையில பூட் ஆகல

மேல் வீட்டு அங்கிள் சிஸ்டத்துல இது மூணு நாள் ஓடுச்சு. சாயந்திரம் நான் போய் சரி பண்ணிட்டு வருவேன், நல்லா ஓடும், காலையில போன் வரும். அவரு பொறுப்பா தூங்கப் போறப்போ சுவிட்ச் போர்டுல மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போறாரு, போர்டுல செல் செத்து கிடக்கு, கரண்ட் போன உடனே பயாஸ் செட்டிங் மொத்தமும் பழசுக்குப் போயிடுது, நான் மாத்தி வெச்ச சாட்டா மோடும் பூட் ஆர்டரும் சேர்ந்து. சிஆர் 2032-ன்னு கேளுங்க, காசு மாதிரி வட்டமா இருக்கும், தெருமுனை வாட்ச் ரிப்பேர் கடையிலயே கிடைக்கும்.

இதே செல்தான் இன்னொரு வேஷத்துலயும் வரும், நெட் கனெக்ட் ஆகும் ஆனா எந்த சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பில்ல, சர்ட்டிஃபிகேட் தப்புன்னு சொல்லும், பேங்க் சைட் திறக்கவே திறக்காது. மூலையில தேதியைப் பாருங்க, 2009-ன்னு இருக்கும்.

## எல்லாம் சரி, வைஃபை மட்டும் இல்ல

வைஃபை சிப்பை ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர் இல்ல, டிரைவர் இறக்க நெட் வேணும், நெட்டுக்கு டிரைவர் வேணும். போனை யூஎஸ்பி கேபிள்ல மாட்டி, செட்டிங்ஸ்ல யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, உடனே நெட் வரும், அப்புறம் மின்ட்ல டிரைவர் மேனேஜரைத் திறங்க. பிராட்காம் கம்பெனி வைஃபை சிப்னா அங்க ஒண்ணு காட்டும், டிக் பண்ணி ரீஸ்டார்ட். அதுலயும் வரலன்னா லேப்டாப் ஓரத்துல வைஃபைக்கு தனியா ஒரு சின்ன சுவிட்ச் இருக்கான்னு தடவிப் பாருங்க, பழைய மாடல்ல இருக்கும். கடைசியா ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிள், இதுக்கெல்லாம் சிஸ்டத்தைத் தூக்கிட்டு ரிப்பேர் கடைக்குப் போகாதீங்க.

சவுண்ட் வரலன்னா அவுட்புட் ஹெச்டிஎம்ஐ-ன்னு இருக்கும், மாத்துங்க.

## ஏறிடுச்சு, ஆனா ஆமை

முதல் ஒரு மணி நேரம் அப்டேட் ஓடிட்டு இருக்கும், அதுவரைக்கும் குறை சொல்லாதீங்க. அதுக்கப்புறமும் ஆமைதான்னா சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கிப் போடுங்க, 240 ஜிபி போதும். புராசஸர் மாத்துறேன், கிராஃபிக்ஸ் கார்டு போடுறேன்னு யாராச்சும் சொன்னா தலையாட்டிட்டு வந்துடுங்க. அதை வாங்க மெட்ரோல போனா அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்கினா ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம், வண்டியில போனா நிறுத்த இடம் தேடியே பொழுது போயிடும். ஞாயித்துக்கிழமை போய் ஏமாறாதீங்க. பில்லு வாங்குங்க, வாரண்ட்டிக்கு அதுதான் கேப்பாங்க.

## பழைய தமிழ் ஃபைல் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா குழறி கிடக்கு

ட்யூஷன் அக்கா அழுதே போச்சு, பதினஞ்சு வருஷ கொஸ்டின் பேப்பர். ஃபைல் கெடல, பயப்படாதீங்க. அந்தக் காலத்துல பாமினி, வானவில் அவ்வையார் மாதிரி ஃபான்ட்ல அடிச்சிருப்பாங்க, உள்ள இருக்குறது நிஜமாவே இங்கிலீஷ் எழுத்துதான், ஃபான்ட் அதுக்கு தமிழ் வேஷம் போட்டு காட்டுது. ஃபான்ட் இல்லன்னா வேஷம் கலைஞ்சுடும். அதுக்குத்தான் முதல்லயே ஃபான்ட்ஸ் ஃபோல்டரை எடுக்கச் சொன்னது, அதுலேர்ந்து அந்த ஃபான்ட் ஃபைலை டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டால் குடுத்தா எழுத்து திரும்ப வந்துடும். எடுக்காம ஃபார்மட் பண்ணிட்டீங்கன்னா அதே ஃபான்ட் இருக்குற தெரிஞ்சவங்க சிஸ்டம் எதாச்சும் தேடுங்க, டிடிபி சென்டர்ல கேட்டா இருக்கும். முக்கியமான ஃபைலை மட்டும் கன்வெர்ட்டர்ல போட்டு, ஃபான்ட் மாறினாலும் குழறாத யூனிகோடுக்கு மாத்தி வெச்சுக்குங்க.

மின்ட்ல தமிழ் அடிக்கிறதுக்கு ஐபஸ்னு ஒரு டைப்பிங் சாஃப்ட்வேர் இருக்கு, அதுல எம்17என் பேக்கேஜைப் போட்டா தமிழ்99 கீபோர்டு லேஅவுட்டும் இருக்கு, டைப்ரைட்டர் லேஅவுட்டும் இருக்கு. அக்கா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், ரெண்டாவதைப் போட்டுக் குடுத்தேன், விரல் தானா ஓட ஆரம்பிச்சுடுச்சு, பிரிண்டர் எப்ப வேலை செய்யும்னு இப்ப அடுத்தது கேக்குறாங்க.